எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

மழைக்காலத்தில் காளான் தின்று வாந்தி, பேதியோடு வருபவரின் உறவினர் சொல்லும் கதையை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்த்தார்களாம், கறுக்கவில்லை. பூச்சி அரித்திருந்ததாம், அதனால் நஞ்சில்லை. இரண்டுமே வெறும் நம்பிக்கை. உலகில் அதிகம் பேரைக் கொன்ற அமனிட்டா ஃபல்லாய்டிஸைப் பூச்சிகளும் தின்கின்றன. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். அதிலுள்ள அமாடாக்சின் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது.

நம் சுவரொட்டிகளோ சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த காளானைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. அதைத் தின்று சாவது அரிது. கொல்லும் அமனிட்டாக்கள் பார்வைக்குச் சாது: வெள்ளை அல்லது வெளிர்பச்சைத் தொப்பி, வெண்ணிறச் செவுள்கள், தண்டில் வளையம், அடியில் கிண்ணம் போன்ற உறை. உறை மண்ணுக்குள் இருப்பதால், தண்டை ஒடித்துப் பறிப்பவர் கண்ணில் படாது. உண்ணத் தகுந்த வைக்கோல் காளானுக்கும் உறை உண்டு. வளையம் இல்லை, வித்துத்தூள் இளஞ்சிவப்பு. இந்த ஒற்றுமைதான் கான்பெராவில் 2012 தொடக்கத்தில் இருவர் உயிரைப் பறித்தது. லெபியோட்டா, கேலரினா இனங்களில் சில உறையே இல்லாமல் அதே நஞ்சைச் சுமக்கின்றன.

குழம்பில் வெந்த துண்டைப் பார்த்து இனம் சொல்வது பூஞ்சையியலாருக்கே கடினம். மருத்துவர் கேட்க வேண்டியது நேரம். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் குடலைக் கலக்கும் வகை. 6 மணி நேரம் கழித்துத் தொடங்கினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அமாடாக்சின் என்றே கொள்ளுங்கள். பல வகைக் காளான்களைக் கலந்து சமைத்திருந்தால் சீக்கிரம் வந்த வாந்தியும் ஆறுதல் தராது.

நாம் ஏமாறுவது இரண்டாம் நாளில். ட்ரிப்ஸ் ஏறியதும் பேதி நிற்கும், நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார், வீட்டார் டிஸ்சார்ஜ் கேட்பார்கள். கல்லீரல் செல்களில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 முடங்கிப் புரத உற்பத்தி நின்றுகொண்டிருப்பது அப்போதுதான். முதல் நாள் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. அதையும் ஐ.என்.ஆரையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். உறுதியான முறிமருந்து கிடையாது. கரித்தூளைப் பல தவணையாகக் கொடுப்பதும், பாராசிட்டமால் நஞ்சுக்கு வைத்திருக்கும் அசிட்டைல்சிஸ்டீனும் கைவசம் உள்ளவை. ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கினால், கல்லீரல் மாற்று வசதியுள்ள மையத்துக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

அஸ்ஸாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தவர். இன்று வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிப்பவர்களில் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் பல. சொந்த ஊர்க் காளான் என்று நம்பி இங்கே வேறொன்றைப் பறிக்க வாய்ப்புண்டு. எஸ்டேட் மருத்துவமனைகளில் இருப்போர் அவர்கள் மொழியில் நேரம் கேட்கும் ஒரு கேள்வியையாவது கற்றுவைத்திருப்பது நல்லது. ஒருவர் வந்தால், அதே சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரையும், அறிகுறி இல்லாத குழந்தைகள் உட்பட, அன்றே வரவழையுங்கள். சமைக்காத மிச்சம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் அல்ல, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.