கேளாது ஒறுக்கும் சட்டம்

திருவள்ளுவராண்டு 2043, தைத் திங்கள். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். ஆங்கிலக் கணக்கில் 2012 சனவரி 18. அன்று ஆங்கில விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் தன் பக்கங்களை இருளாக்கி, 24 மணிநேரம் கதவடைத்துக் கொண்டது. கூகுள் நிறுவனம் தன் பெயரின்மேல் கருந்திரை இட்டுக்கொண்டது. இவற்றோடு ஆயிரக்கணக்கான சிறிய தளங்களும் சேர்ந்து இருண்டன. அமெரிக்க ஒன்றியத்தின் சட்டமன்றத்தில் அற்றை நாள் நிலுவையில் இருந்த இரண்டு சட்டமுன்வரைவுகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது.

திருடரைப் பிடிக்கச் சட்டம் வந்தால் திருடரன்றோ அஞ்சுதல் வேண்டும்? அறிவுக் களஞ்சியம் ஏன் அஞ்சிற்று? இவ்வாறு அன்று ஆலிவுட் படமுதலாளிகள் கேட்டனர். கேட்கும் வாயைப் பார்த்தே மயங்கிவிடும் பழக்கமுள்ளோர், ஆமாம், நல்ல கேள்விதானே என்று தலையாட்டினர். தலையாட்டுமுன் அவ் வரைவுகளைப் படித்துப் பார்த்திருத்தல் வேண்டும்.

மேலவையில் பேட்ரிக்கு லீகி என்பார் 2011 மே மாதத்தில் ஒன்றைக் கொணர்ந்தார். பேராளர் அவையில் டெக்சாசைச் சார்ந்த லமார் சுமித்து என்பார் அதே ஆண்டு அக்தோபரில் மற்றொன்றைக் கொணர்ந்தார். பின்னது 'சோப்பா' என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அயல்நாட்டுத் தளமொன்று களவுப்படிகளைப் பரப்புகின்றது என்று குற்றஞ்சாட்டி, அரசுத் தலைமை வழக்குரைஞர் முறைமன்ற ஆணை ஒன்றைப் பெற்றுவிட்டால் போதும். இணைய இணைப்புத் தருவோர் அத்தளத்துக்குப் போகும் வழியை அடைத்தல் வேண்டும். தேடுபொறிகள் அதன் பெயரையே காட்டலாகாது. பணம் செலுத்தும் நிறுவனங்களும் விளம்பரம் தருவோரும் அதனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துதல் வேண்டும். முதல் வரைவிலோ, முறைமன்றத்தின் வாயிலைக்கூட மிதிக்காமல், உரிமையாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் நிறுவனம் மடல் ஒன்று விடுத்தாலே, ஐந்து நாளில் பணவரவை அறுத்துவிட வழி வைத்திருந்தனர்! கையைக் கட்டிக் காலைக் கட்டிப் பட்டினி போட்டபின், வேண்டுமானால் வந்து வழக்காடிக் கொள் என்பது எவ்வூர் முறை?

இணையத்தில் ஒரு தளத்தின் பெயர் என்பது வெறும் அடையாளமன்று; அதுவே வழி. மக்கள் பெயரை எழுதுகின்றனர். அப்பெயர்க்குரிய எண்முகவரியைப் பெயரேடு போன்ற ஓர் அமைப்பு எடுத்துத் தருகின்றது. அவ்வேட்டில் பொய்யெழுதி வைக்கச் சொல்வதே இச்சட்டத்தின் உள்ளீடு. இணையத்தைக் கட்டியெழுப்பிய பொறியாளர் 83 பேர் 2011 திசம்பரில் கூட்டாக மடல் எழுதி, இஃது அந்த ஏட்டின் நம்பகத்தையே குலைக்கும் என்று எச்சரித்தனர். கட்டியவன் சொல்லைக் கேளாது, வாடகைக்கு வந்தவன் சொல்லைக் கேட்டுச் சுவரை இடிப்பார் உண்டோ? அமெரிக்கச் சட்டமன்றத்தில் இருந்தனர்.

இவை வெற்றச்சம் அல்ல என்பதற்குச் சான்று, அச்சட்டம் வருமுன்னரே கிடைத்துவிட்டது. 'டசாசு-1' என்பது கறுப்பினத்தாரின் கூத்திசையான 'இப்பாப்' பற்றி எழுதிவந்த ஒரு சிறிய தளம். அதன் பெயரை அமெரிக்கச் சுங்கத் துறையார் 2010 நவம்பரில் பறித்தனர். களவென்று சொல்லப்பட்ட பாடல்களுள் சிலவற்றை, பரப்புங்கள் என்று அவர்க்கு அனுப்பி வைத்தவர்கள் இசைத் துறையினரே! தளத்தாரின் வழக்கறிஞர் வாயில் வாயிலாக ஏறி இறங்கினார். காலநீட்டிப்பு ஆணைகள் கமுக்கமாகவே பெறப்பட்டன. ஓராண்டுக்கு மேல் கழிந்து 2011 திசம்பரில், வழக்கும் இன்றிக் குற்றச்சாட்டும் இன்றிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தனர். அந்த ஓராண்டை எவர் திருப்பிக் கொடுப்பர்?

'ரோகாதிரெக்டா' என்னும் இசுபானியத் தளத்தின் கதை இன்னும் கொடிது. விளையாட்டு ஒளிபரப்புகளுக்கு வழிகாட்டும் அத்தளம் சட்டத்துக்கு உட்பட்டதே என்று இசுபானிய முறைமன்றங்கள் தீர்த்திருந்தன. அதன் பெயரையும் 2011-இன் தொடக்கத்தில் அமெரிக்கா பறித்தது. 2012 ஆகத்தில்தான் விடுவித்தது. ஒரு நாட்டு மன்றத்தின் தீர்ப்பு, வேறொரு நாட்டு அலுவலரின் கையெழுத்துக்கு முன் செல்லாக் காசாயிற்று. நாட்டுரிமை, இனவுரிமை என்று பேசுவோர் பிற எல்லாவற்றையும் மறப்பினும் இவ்வொன்றை மறத்தலாகாது. பெயரேட்டின் திறவுகோல் எவன் மடியில் இருக்கின்றதோ, அவன் சட்டமே உலகச் சட்டம்!

இனி, இக்குற்றஞ்சாட்டிய பெருமக்களின் தூய்மையைச் சற்றுப் பார்க்கலாம். மதுரையில் சிலம்பு திருடியவன் பொற்கொல்லன். கள்வன் என்று கோவலனைக் காட்டிக் கொடுத்தவனும் அவனே. ஆராயாது கொல்லச் சொன்னான் பாண்டியன். இக்கதை தெரிந்த இனத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை வரலாறு புதிதாகத் தோன்றாது. 1790-இல் அந்நாடு இயற்றிய முதற் பதிப்புரிமைச் சட்டம் தன் குடிகளுக்கும் தன் மண்ணில் வாழ்வோர்க்கும் மட்டுமே காப்பளித்தது. அயல்நாட்டார் நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எழுதியவனுக்கு ஒரு காசும் தரவேண்டா. ஆங்கில எழுத்தாளர் சார்லசு டிக்கன்சு 1842-இல் அமெரிக்காவுக்குச் சென்று, தம் நூல்கள் அங்குக் கொள்ளை போவதை மேடையிலேயே முறையிட்டார். அவ்வூர் இதழ்கள் அவரையே பணத்தாசை பிடித்தவர் என்று ஏசின. 1891-இல்தான் அயலார்க்கும் உரிமை தரும் சட்டம் அங்கு வந்தது. நூறாண்டுக் காலம் களவுப்படி தின்று வளர்ந்த உடம்பு அது!

ஆலிவுட் மட்டும் என்ன? படமெடுப்பார் கலிபோர்னியாவுக்கு வெயிலைத் தேடிப் போனது உண்மை. 1908-இல் எடிசன் முதலானோர் கூடி அமைத்த காப்புரிமைக் கூட்டமைப்பின் வழக்குகள் எளிதில் எட்டாத தொலைவைத் தேடிப் போனதும் உண்மையே. அன்று காப்புரிமையிலிருந்து தப்பியோடிய கூட்டத்தின் வழிவந்தோர், இன்று உரிமை உரிமை என்று உலகின் வாயை அடைக்கப் புறப்பட்டனர்.

படைப்பாளியின் உழைப்பைத் திருடுதல் ஒப்பத்தக்கது என்பது இதன் பொருளன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்து அகரமுதலி தொகுத்தவன், நூலைக் கடன்பட்டு அச்சிட்டவன், தன் படைப்பை வேறொருவன் விற்றுப் பிழைப்பதைக் காணும் நோவு தமிழ்ப் பதிப்புலகில் அறியாததன்று. அத்திருடனைப் பிடித்துச் சான்று காட்டி, அவன் சொல்வதையும் கேட்டு, ஒறுக்கட்டும். கேளாமலே ஒறுப்பதும், ஒருவன் களவுக்கு ஒரு தெருவையே மூடுவதும்தான் மறுக்கத்தக்கன.

சனவரி 18-இல் நிகழ்ந்தது வரலாறு. இருண்ட விக்கிப்பீடியாப் பக்கத்தைக் கண்டவர் 16 கோடிக்கு மேற்பட்டோர் என்றும், அவருள் 80 இலக்கம் பேர் தம் பேராளரின் தொடர்பு முகவரியைத் தேடினர் என்றும் அதன் நிறுவனத்தார் கணக்குக் காட்டினர். கூகுள் வழியாக எதிர்ப்பு முறையீட்டில் கையொப்பமிட்டோர் 70 இலக்கம். வரைவை முன்மொழிந்து கையொப்பமிட்டிருந்த உறுப்பினரே சிலர் அன்று மாலைக்குள் பின்வாங்கினர். சனவரி 24-இல் மேலவையில் நிகழவிருந்த ஒப்போலை எடுப்பை 20-ஆம் நாளே தள்ளிவைத்தனர். பேராளர் அவையிலும் சுமித்து தம் வரைவைக் கிடப்பில் போட்டார். மேலவையில் முப்பதாண்டு இருந்துவிட்டுப் படமுதலாளிகளின் சங்கத் தலைவராய் அமர்ந்திருந்த கிறிசு தாடு, தமக்குத் தேவை வரும்போது செவிசாய்க்காதார் இனித் தேர்தல் பணத்துக்கு வந்து நிற்க வேண்டா என்னும் பொருள்படத் தொலைக்காட்சியிலேயே பேசினார். மறைவில் பேசுவதை வெளியில் பேசியதற்காக அவரைப் பாராட்டலாம்.

அனல் ஐரோப்பாவுக்கும் பரவியது. 'ஆக்டா' என்னும் பன்னாட்டு உடன்படிக்கையை எதிர்த்துப் போலந்தில் இளைஞர்கள் உறைபனியில் தெருவில் நின்றனர். ஐரோப்பியப் பாராளுமன்றம் 2012 சூலை 4-இல் அதனை 478-க்கு 39 என்னும் கணக்கில் தள்ளுபடி செய்தது.

ஆயினும் இவ்வெற்றியைக் கண்டு கூகுளை அறங்காவலன் என்று எவரும் மயங்கற்க. அதன் வணிகத்துக்கு இடர் வந்தது, எழுந்தது. அதே 2012 ஆகத்தில், உரிமையாளரின் நீக்க மடல்களை மிகுதியாகப் பெறும் தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளப் போவதாக அந்நிறுவனமே அறிவித்தது. சட்டம் செய்யவிருந்ததில் ஒரு கூற்றைச் சட்டமின்றியே வணிகன் செய்துவிட்டான். பகைவனின் பகைவன் நண்பன் என்று நம்பிக் கெட்ட கதைகள் தமிழர்க்குப் போதாவோ?

அமெரிக்க மக்கள் சனவரியில் விரட்டிய பேய், மே மாதத்தில் சென்னையில் வந்து இறங்கியது. '3' முதலிய திரைப்படங்களின் களவுப்படிகளைத் தடுக்க, யாரென்று பெயர் தெரியாதார்க்கு எதிராகச் சென்னை உயர்முறைமன்றத்தில் ஆணைகள் பெறப்பட்டன. பெயரில்லாதவனுக்கு 'அசோக்குமார்' என்று பெயரிட்டு வழக்காடுவது இங்குள்ள வழக்கம்! எந்தப் பக்கம், எந்தப் படி என்று சுட்டப்படாத அவ்வாணையைக் கையில் வைத்துக்கொண்டு, இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோசன் போன்ற முழுத் தளங்களையே அடைத்தன. தாமே எடுத்த குறும்படத்தை அங்கு ஏற்றி வைத்திருந்த இளைஞனும் அன்று கள்வர் கூட்டத்தில் சேர்க்கப்பட்டான். சூன் மாதம் இந்திய நகரங்கள் பலவற்றில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவுக்கு வந்தனர். அம்மாத இறுதியில்தான், குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுத்தல் வேண்டும், தளம் முழுவதையும் அன்று என முறைமன்றம் தெளிவுபடுத்தியது.

அது வணிகர் வழி. அரசின் வழி இதனினும் இருண்டது. 2015 மார்ச்சு 24-இல் உச்சமன்றம் தகவல் நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவை அடித்து வீழ்த்தியபோது எங்கும் மகிழ்ச்சி. அதே தீர்ப்பு, தளங்களைத் தடுக்கும் 69-அ பிரிவை நிலைக்க விட்டதை எத்துணைப் பேர் கண்டனர்? அதன்கீழ் 2009-இல் இயற்றிய விதிகளுள் 9-ஆவது, உடனடித் தேவை என்று சொல்லிவிட்டால் தளத்தாரைக் கேளாமலே தடுக்க இடந்தருகின்றது. 48 மணிநேரத்துக்குள் குழுவின் முன் வைத்தால் போதும். குழுவில் அமர்வோர் அரசு அலுவலர், தடுத்ததும் அரசே. 16-ஆவது விதியோ வேண்டுகையையும் முறையீட்டையும் நடவடிக்கையையும் முற்றாகக் கமுக்கமாய்க் காக்கச் சொல்கின்றது. அமெரிக்க வரைவிலாவது முறைமன்ற ஆணை என்று ஒன்று இருந்தது.

தமிழர் கேட்க வேண்டியவை இவை: 16-ஆவது விதி நீக்கப்படுதல் வேண்டும். தளத்தார் விடை கேட்கப்பட்ட பின்னரே தடை இடுதல் வேண்டும். தடையாணை ஒவ்வொன்றும், இட்டவர் பெயரும் கரணியமும் விளங்க, அடைக்கப்பட்ட பக்கத்திலேயே வெளியிடப்படுதல் வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழில் இருத்தல் வேண்டும்.