விஷத்துக்கு மருந்து என்று பேர்!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரிடமும் 'மருந்தடிக்கிற வேலை' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. புல்லைக் கருக்கும் விஷத்துக்கு நாம் சூட்டிய பேர் மருந்து! முதுகிலே பம்பைச் சுமந்து, முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டி, நம் அம்மாமார்களும் அக்காமார்களும் வருஷக்கணக்கில் அடித்தது இதைத்தான். கண் எரியும், நகம் கழலும், மூக்கிலே ரத்தம் வரும். டிரஸர் ஐயா கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நிற்பார்கள். நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். இன்று உலகமே 'பசுமை' பேசுகிறது. லண்டனில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குகிறவர், இதில் செம்பனை எண்ணெய் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். 2018-இல் பிரிட்டனின் ஐஸ்லாண்ட் என்ற பேரங்காடி நிறுவனம், தன் சொந்தப் பெயரில் விற்கும் பண்டங்களில் செம்பனை எண்ணெயே வேண்டாம் என்று அறிவித்தது. காடு அழிகிறது, ஓராங் ஊத்தான் சாகிறது என்பது அவர்கள் கவலை.

அந்தக் கவலை பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஹெக்டர் செம்பனை ஏறத்தாழ மூன்று டன் எண்ணெய் கொடுக்கிறது. சோயா அரை டன்கூடக் கொடுப்பதில்லை. இதை ஒதுக்கி அதை வாங்கினால் இன்னும் எத்தனை மடங்கு நிலத்தைத் திருத்த வேண்டும்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் மனத்தாங்கல் வேறு. மரத்துக்கும் குரங்குக்கும் இரங்குகிறவர்கள், அந்த மரத்தடியில் பம்போடு நின்ற பெண்ணைப் பற்றி ஏன் இத்தனை காலம் கேட்கவில்லை?

பாராகுவாட் என்ற விஷத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் கெட்டு ஆளே போய்விடுவார், முறிமருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து 1989-லேயே தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் தடையானது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையில் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது! அவர்கள் வயலுக்கு ஆகாதது நம் காட்டுக்கு ஆகுமாம். இது என்ன நியாயம்?

நம் நாட்டில் 2002-இல், தெனாகனித்தா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்த அதே ஆண்டில், தடை விதிக்க முடிவானது. மாற்று மருந்துக்குச் செலவு கூடும் என்று முதலாளிமார் தரப்பு முறையிட்டது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத்தடை வந்தது. பதினெட்டு வருஷ இழுபறி! புல் சீக்கிரம் கருகும், விலை மலிவு. அதுதான் அதன் பெருமை. வேர் சாகாது, ஆகவே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தக் கணக்கில் மனிதக் கை சேரவே இல்லை.

பசுமை முத்திரைக் கதையும் இப்படித்தான். நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை 2004-இல் அமைந்தது. அதன் முத்திரை பெற்ற எண்ணெய் இன்று உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பாராகுவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், விசேஷக் காரணம் இருந்தாலொழிய கூடவே கூடாது என்று விதியை இறுக்கியது 2018-இல்தான். முத்திரையே வீண் என்று நாம் வாதிடவில்லை. அதை வாங்குகிறவர் நச்சரித்துக் கேட்டதால்தான் இந்த அளவுக்காவது வந்தது.

விஷமில்லாமல் தோட்டம் நடக்காது என்பது சுத்தப் புளுகு. முகூனா கொடியை மூடுபயிராக விட்டால் களை அமுங்கும், மண்ணும் கரையாது. எலிக்குக் கூகை இருக்கிறது. கம்பத்தில் பெட்டி வைத்துக் குடியேற்றினால் ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும். (கூகை கத்தினால் சாவு விழும் என்று நம்மவர் கல்லெறிவது இன்னும் நின்றபாடில்லை!) ஆனால் கடுமையான எலி விஷத்தையும் கூடவே வைத்தால், அந்த எலியைத் தின்ற கூகையும் சாகும். இதெல்லாம் துரைமார்களுக்குத் தெரியாததா? தெரியும். எது மலிவு என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பாராகுவாட் போனது, பம்பு போகவில்லை. இப்போது அதைச் சுமப்பவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். குளூபோசினேட் என்று ஒன்று நம் செம்பனைக் காடுகளில் அடிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி 2018-இல் முடிந்துபோனது. பழைய கதை மாதிரி இல்லையா? அவர்கள் வேற்று நாட்டவர் என்று நாம் வாய் மூடியிருந்தால், அன்று நமக்காக வாய் மூடியிருந்தவர்களைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை ஏது? 1917-இல் இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வியாபாரத்துக்கு நடப்பட்டது கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். பேரைச் சொன்னாலே தெரியும், எவர் கை பட்ட மண் என்று.

நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்தவர்கள்கூட வேலியோரப் புல்லுக்குக் கடையில் விஷம் வாங்குகிறார்கள். மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கிறார்கள்! காலியான மருந்து டின்னைக் கழுவி மழைத்தண்ணி பிடிக்கிற வீடும் உண்டு. ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்தால் தீருகிற வேலைக்கு இது தேவையா?

தொழிற்சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வையுங்கள்: மருந்து கலக்கும் இடத்தில் குழாய்த் தண்ணியும் சோப்பும், மருந்தடிப்பவர் எந்த நாட்டவரானாலும் வருஷத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை, அவர் உடுப்பை நிர்வாகமே துவைத்துக் கொடுக்கும் ஏற்பாடு. அந்தச் சட்டை இனியும் வீட்டு வாளியில் பிள்ளையின் பள்ளிச் சட்டையோடு ஊறக்கூடாது.