புழுங்கலரிசியைத் துறந்த பேதைமை

கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் விரும்பிப் பசியாறிய உணவு பழஞ்சோறு. இன்று நீரிழிவுக்கு அஞ்சி அதனையே பழிக்கின்றனர் கற்றோர் சிலர். குற்றம் சோற்றிலா, அரிசியிலா?

இதே நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன், 1907-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரிதும் அணுகவில்லை. ஜெலுபுவில் சாவகத் தொழிலாளரிடையே பிரேசரும் ஸ்டாண்டனும் நடத்தி 1909-இல் வெளியிட்ட ஆய்வும் வெள்ளரிசியையே குற்றவாளியாக்கியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து மணிக்குள் இறங்குகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் அழிவதில்லை. எழுத்தறியாத் தோட்டப் பெண்டிரின் அடுப்படி ஆய்வுக்கூடத்திற்கே பாடம் புகட்டியது!

அச்செல்வத்தை எறிந்துவிட்டு, வெண்சோறே மதிப்பென்று மயங்கியது யார் குற்றம்? பெரிபெரி வேறு, நீரிழிவு வேறு என்பது மெய்யே. 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினரை நீரிழிவுடையோராகக் கண்டது. புழுங்கலரிசி ஒன்றே அதனைத் தீர்க்குமென்பது மடமை. பால்மரம் வெட்டியவர் உண்ட அளவை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் உண்ணலாகாது. அதற்காகப் பழஞ்சோற்றையே நாடு கடத்த வேண்டுமா? அரிசியை மாற்றுக, அளவைப் பாதியாக்குக, மீதி இடத்தில் முருங்கைக்கீரையும் பயறும் வரட்டும், கருவாட்டை உப்புப் போக ஊறவைத்துக் கழுவுக. சோற்றைப் பழித்துக்கொண்டே இனிப்புப்பால் தேநீரை நாளுக்கு நான்கு குவளை பருகுவோர், முதலில் அக்குவளையைக் கீழே வைக்கட்டும்.