மிச்சமான நேரம் யாருக்கு?

லண்டனில் எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளியின் மகன். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலில் எடுபிடியாகச் சேர்ந்தவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. அவருக்குத்தான் 2003-இல், அமெரிக்கர் பால் லாட்டர்பரோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. 'நமக்கெதற்கு விஞ்ஞானம்?' என்று ஒதுங்கும் தோழர்கள் கவனிக்கட்டும்!

அவர் செய்ததென்ன? காந்தத்தின் துணைகொண்டு உடலுக்குள் படம் பிடிக்க அந்நாளில் பல நிமிடங்கள் ஆயின. கைகால் அசையாதிருக்கும், இதயம் இருக்குமா? முழுப் படத்தையும் ஒரு நொடிக்குள் எடுக்கும் வழியை 1977-இல் சொன்னார். 1980-களின் தொடக்கத்தில், துடிக்கும் முயலின் இதயத்தையே சலனப்படமாகக் காட்டியது அவருடைய நாட்டிங்ஹாம் குழு.

பின்னர் 1999-இல் சூரிச்சில் இன்னொரு முறை கண்டார்கள். உடலைச் சுற்றிப் பல கம்பிச் சுருள்கள். ஒருவன் சுமந்த மூட்டையைப் பலர் பங்கிட்டுக்கொள்வது போல! இன்றோ குறைந்த அளவுகளைக் கொண்டே கணிப்பொறி முழுப் படத்தையும் தேற்றிவிடுகிறது. 'மூச்சை அடக்கு, விடு, மறுபடி அடக்கு' என்ற வாதை குறைகிறது. மூச்சு வாங்குகிறதென்று வந்தவனையே மூச்சடக்கச் சொன்ன கொடுமை அது!

மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மணி நேர வேலை அரை மணியில் முடிந்தால், மிச்ச அரை மணி யாருக்கு? இயந்திரத்துக்கு உரியவன் பெட்டிக்கா? ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவனுக்கா? ஆலையில் வேகத்தைக் கூட்டும்போது நாம் கேட்கிற கேள்விதான் இது. நாட்டிங்ஹாம் ஆராய்ச்சிக்கு அந்நாட்டு மக்களின் வரிப்பணமும் உதவியது. நேரம் பாதியானால் கட்டணமும் பாதியாகட்டும். புதிய முறைகள் பொது மருத்துவமனைக்கே முதலில் வரட்டும் என்கிறோம்.