ஆர்த்தோன்னா என்ன சார்?

தில்லிக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. இங்கே நம்மவர்கள் யார் வீட்டுக்குப் போனாலும், காபி டம்ளர் கைக்கு வந்த ஐந்தாவது நிமிஷம் பேச்சு இரண்டு விஷயத்தில் ஒன்றுக்குத் திரும்பிவிடும். ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, இல்லை முதுகு வலி எப்படி இருக்கு. டிக்கெட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. முதுகு வலியைப் பற்றி, அதாவது அதைக் காட்டி நம் தலையில் கட்டப்படும் மெத்தைகளைப் பற்றி, இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். மெத்தைக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் மன்னிக்கவும். (மன்னிக்காவிட்டாலும் பாதகமில்லை.)

2023 அக்டோபரில் கீர்த்தி நகர் ஃபர்னிச்சர் மார்க்கெட்டுக்குப் போனோம். அதற்கு முன் ஆறு மாதமாக எனக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி. மார்ச் க்ளோசிங்கில் ஆரம்பித்தது, போகவே இல்லை. "இந்தப் பழைய மெத்தைதான் காரணம், மாத்துங்க" என்று தங்கமணி தீர்ப்பு எழுதிவிட்டாள். அப்பீலுக்கு வழியில்லை.

கடைக்காரர் ஒரு மெத்தையின் மேல் முஷ்டியை மடக்கி, கதவைத் தட்டுவது போல டொக் டொக் என்று தட்டிக் காட்டினார். "ஆர்த்தோ ஹை சார். டாக்டர்கள் சிபாரிசு பண்றது." எந்த டாக்டர் என்று கேட்டேன். சிரித்தார். உறையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரின் படமும், பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு முதுகெலும்பும் இருந்தன. அந்த 'ஆர்த்தோ'வுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது என்று அடுத்துக் கேட்டேன். "கம்பெனிதான் சார்" என்றார். கம்பெனிப் பொருளுக்குக் கம்பெனியே சான்றிதழ்! லோன் கேட்டு வருகிறவர் தன் வருமானச் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தால் நான் விடுவேனா?

ஆனால் அன்றைக்கு விட்டேன். 41,000 ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை. இருபது வருஷமாகக் கடன் மனுக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற பி.காம். பட்டதாரி, வலி வந்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். அவர்கள் வியாபாரம் நிற்பதே இந்த இடத்தில்தான்.

"படுக்கை கட்டை மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது." இதை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். டாக்டர்களே ஒரு காலத்தில் மெத்தைக்கு அடியில் பலகை போடச் சொன்னார்கள். இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்று படுக்கிறவருக்கும் தெரியாது, வலியை அளக்கிறவருக்கும் தெரியாது. தொண்ணூறு நாள். 2003-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. படுக்கையில் இருக்கும்போது வலி, எழுந்திருக்கும்போது வலி, அன்றாட வேலையில் சிரமம் எல்லாவற்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களே அதிகம் தேறியிருந்தார்கள். ஐரோப்பிய அளவுகோலில் 1 என்றால் பாறை, 10 என்றால் பஞ்சு. தோற்றது 2.3, ஜெயித்தது 5.6. என் கடைக்காரர் டொக் டொக் என்று தட்டிக் காட்டியது எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் கெட்டி மெத்தைக்காரர்களிலும் பலருக்கு வலி குறைந்தது. சோதித்ததும் இரண்டே வகை. அதனால் "5.6 மெத்தை கொண்டா" என்று கடையில் போய் நிற்காதீர்கள், அங்கே யாருக்கும் புரியாது. கெட்டியே உத்தமம் என்ற வேதவாக்குக்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான் என் கட்சி.

காரணம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும்தான் துருத்திக்கொண்டு நிற்கும் பாகங்கள். அவை கொஞ்சம் அமுங்க மெத்தை இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எடை முழுவதும் அந்த இரண்டு எலும்பின் மேல். ரொம்ப மெத்தென்று இருந்தால் இடுப்பு குழியில் இறங்கிவிடும், கயிறு தளர்ந்த சார்ப்பாயில் படுத்தது போல. நூறு கிலோ மனிதருக்கு நடுத்தரமாக இருப்பது நாற்பத்தைந்து கிலோ மூதாட்டிக்குக் கருங்கல். ஆக எல்லோருக்குமான 'ஆர்த்தோ' என்று ஒன்று இருக்கவே முடியாது.

இங்கே ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். "நம்ம தாத்தா பாட்டி எல்லாம் கோரைப் பாயில்தானே படுத்தாங்க? அவங்களுக்கு முதுகு வலி வந்துச்சா?" வந்தது சார். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம், பாய்க்குப் பேர் போன பத்தமடை கூப்பிடு தூரம். எங்கள் ஆச்சி பாயில்தான் படுத்தாள், தலைமாட்டில் தைல பாட்டில் இல்லாமல் படுத்ததில்லை. வலி இருந்தது, கேட்க ஆள் இல்லை. சொல்லாத வலியை இல்லாத வலி என்று கணக்கு எழுதிவிட்டோம். தவிர, ஆச்சி பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்து நடந்துகொண்டே இருந்தவள். அந்த உழைப்பை விட்டுவிட்டுப் பாயை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

என் வலிக்கே வருகிறேன். புது மெத்தையில் இரண்டு மாதம் படுத்தும் குறையவில்லை, தோள்பட்டை வலி இலவச இணைப்பாகச் சேர்ந்துகொண்டது. கடைசியில் போனது பிசியோதெரபிஸ்ட்டிடம். அந்தப் பெண் என் மெத்தையைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார். கூட்டிப் பார்த்தேன். கிளையில் ஒன்பது, மெட்ரோவில் ஒன்றேகால், வீட்டில் டிவி முன்னால் இரண்டு. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துவிட்டு, ஏழு மணி நேரம் படுக்கும் மெத்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்! ஐந்து பயிற்சிகள், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்பது, தினமும் நாற்பது நிமிஷ நடை. மூன்று மாதத்தில் முக்கால்வாசி குறைந்தது. மிச்சம் கால்வாசி மார்ச் மாதங்களில் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போகும்.

"முதுகு பிடிச்சுக்கிச்சா, ஒரு வாரம் படுத்து எழுந்திரு" என்பதும் இப்படித்தான். ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995-இல் வெளியான ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களை விட, முடிந்த வரை வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். இதை எந்த மெத்தைக் கம்பெனியும் உறையில் அச்சடிக்காது.

இதெல்லாம் பணம் போன கதை. இன்னொன்று வெறும் பணத்தோடு போகவில்லை. எங்கள் கிளையில் ஒருவர், பெயர் வேண்டாம். அவர் மகனுக்கு இருபத்தாறு வயது, குர்காவ்ன் வேலை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு விறைத்துக் கிடக்கும், விடியற்காலம் மூன்று நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடும், எழுந்து நடந்தால் குறையும். படுத்தால் வலிக்கிறது என்றால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? மெத்தை! நான்கு வருஷத்தில் மூன்று மெத்தை மாற்றினார்கள். கோவில் வாசலில் பழக்கமான ஒருவர் பேச்சைக் கேட்டு, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு காந்தப் படுக்கையும் வாங்கினார்கள். கடைசியில் வாதநோய் நிபுணர் ஒருவர் கண்டுபிடித்தது அன்கைலோசிங் ஸ்பான்டிலைடிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் நோய். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். பையன் இப்போது மருந்தில் இருக்கிறான், பரவாயில்லை. ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புகிறான். "அந்தக் கடைசி மெத்தைக்கு முன்னாடியே டாக்டர்ட்ட போயிருக்கணும்" என்று அவர் என்னிடம் சொன்னபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் வலி என்றால் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடைக் குறைவு என்றாலும் அப்படித்தான். நம் நாட்டில் முதுகெலும்பில் டிபி வருவது அபூர்வமில்லை. தொடை இடுக்கு மரத்துப் போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி என் தொழில் சம்பந்தமாக நாலு வரி. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஒன்று கிடையாது. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லியாயிற்று. நடப்பது இதுதான்: 41,000 ரூபாயைப் பன்னிரண்டு தவணையாகக் கட்டுகிறோம். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் அதற்குள்ளே சுமார் 3,150 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அதைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்கிறது. அதாவது மெத்தையின் நிஜ விலை 37,850. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 565 ரூபாய், நம் தலையில். ப்ராசஸிங் ஃபீஸ் தனி. அதனால் கையில் காசு இருந்தால், "அந்த மூவாயிரத்தைக் குறைச்சுக்கொடு" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. பத்து வருஷ வாரண்டியையும் வாங்குவதற்கு முன் படியுங்கள். பெரும்பாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குழி விழுந்தால்தான் செல்லும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில் வராது, கறை பட்டால் வாரண்டியே போச்சு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முஷ்டியால் தட்டாதீர்கள், படுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே, பத்துப் பதினைந்து நிமிஷம், கணவன் மனைவி இரண்டு பேரும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், நாற்பதாயிரம் நம்முடையது. ஆன்லைனில் நூறு நாள் படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதி சில கம்பெனிகளில் இருக்கிறது, நிபந்தனையைப் படித்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஃபோமின் அடர்த்தி எத்தனை என்று கேளுங்கள். அது எத்தனை நாள் உழைக்கும் என்பதன் கணக்கு, கெட்டியின் கணக்கு இல்லை. கடையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள். அதற்கும் முன்னால் பழைய மெத்தையைத் தூக்கிக் கட்டில் பலகை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கட்டிலில் ஒரு ப்ளைவுட் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பலகை 1,400 ரூபாய்.

அந்த ஆர்த்தோ என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 2023 நவம்பரில் அம்மா வந்தாள், மகளுக்குப் பத்தாவது பரீட்சை என்று துணைக்கு. எழுபத்திரண்டு வயது, நாற்பத்தாறு கிலோ. "அத்தைக்கு ஆர்த்தோதான் நல்லது" என்று தங்கமணி சொல்ல, நானும் தலையாட்ட, எனக்கு ஒத்துவராத மெத்தையை அம்மாவுக்குப் போட்டோம். வீட்டிலேயே விலை கூடின மெத்தையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பெருமை வேறு. அந்தக் குளிர்காலம் முழுக்க அதில் படுத்தாள். ஊருக்குப் போய்விட்டு அடுத்த நவம்பரிலும் வந்து அதிலேயே படுத்தாள். 2025 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் பார்த்தேன். கட்டில் ஓரத்தில், ரஜாயை மடித்து இடுப்புக்குக் கீழே கொடுத்து, சால்வையை மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஐந்து டிகிரி. ஒருக்களித்தால் இடுப்பெலும்பு வலிக்கிறதாம், மல்லாந்தால் மூச்சு முட்டுகிறதாம். எத்தனை நாளாக என்றேன்.

"வந்ததுலேர்ந்துதான் எய்யா."

"போன வருஷமும்மா?"

"மாசாமாசம் தவணை கட்டிட்டு இருந்தியே. எப்படிச் சொல்ல?"

மறுநாள் லீவு போட்டேன். பஞ்சு அடிக்கிற கடையில் நான்கு கிலோ நல்ல பருத்தியில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கத்தா தைத்து வாங்கினேன். கூலியோடு 1,150 ரூபாய். ஆர்த்தோவின் மேல் அதை விரித்து, முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள ஒரு தலையணையும் கொடுத்தோம். இரண்டாம் நாள் காலை ஏழு மணி வரை தூங்கினாள். எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு மேல் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. பயந்துபோய் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தேன்.