வலி நின்றால் முழங்கால் குணமா?

கபடிக் களத்தில் முழங்கால் 'டப்'பென்ற ஓசையோடு முறுகி, அன்றிரவுக்குள் வீங்கி, எண்ணெய்க்கட்டும் ஓய்வுமாகச் சில வாரங்கள் சென்று வீக்கம் வடிந்து, அடிபட்டவர் நொண்டாமல் நடக்கத் தொடங்கிவிட்டால், காயம் ஆறிற்று என்று அவரும் சுற்றத்தாரும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். முன்சிலுவை நார் அறுந்திருப்பதாக ஸ்கேன் காட்டினாலும், "வலிதான் இல்லையே, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பதில். படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றிப் பரவியுள்ள இவ்வபிப்பிராயம் முழங்காலுக்குப் பெருந்தீங்கு செய்வது என்பேன்.

அறுந்த நார் வலிப்பதில்லை. அதன் வேலைதான் நின்றுபோகிறது. கணைக்காலெலும்பு முன்னோக்கி நழுவாமல் காத்த அந்நார் போனபின், மேட்டில் நிற்கும் வண்டிச் சக்கரத்துக்கு இட்ட முட்டுக்கல்போல, உட்புறப் பிறைக் குருத்தெலும்பின் பின்பகுதி அப்பாரத்தை ஏற்கிறது. பேருந்திலிருந்து இறங்கித் திரும்புகையில் 'முட்டி விலகுது' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அவ்வொவ்வொரு விலகலிலும் அது எலும்புகளுக்கிடையே நசுங்குகிறது. அடிபட்ட புதிதில் வெளிப்புறக் குருத்தெலும்பின் கிழிசலே மிகுதி. நாட்பட்ட முழங்கால்களில் உட்புறத்தது மிகுவது இக்காரணத்தாலேயே.

போனால் போகட்டும் என்று விடத்தக்க உறுப்பும் அன்று அப்பிறைக் குருத்தெலும்பு. 1887-இல் பிளாண்ட் சட்டன் என்ற ஆங்கில வைத்தியர் அதைப் பயனற்ற தசையெச்சம் என்றார். அதை அகற்றிய முழங்கால்களில் மூட்டு கெடுவதை 1948-இல் ஃபேர்பாங்க் எக்ஸ்ரே படங்களால் காட்டினார். வைத்திய உலகம் கைவிட்ட கருத்தை நம் திண்ணைகள் இன்னும் கைவிடவில்லை.

உடனே கத்தியை எடுக்க வேண்டுமென்பது என் வாதமன்று. வீங்கிய முழங்காலில் அவசரப்பட்டுச் செய்யும் சஸ்திர சிகிச்சை மூட்டை இறுக்கிவிடக்கூடும் என்பதால், கால் முழுதும் நீளும்வரை பொறுப்பதே வழக்கம். 2010-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வொன்றில், 121 பேரில் முதலில் பயிற்சியோடு மட்டும் நின்ற பிரிவினர், அவர்களுள் சிலர் பின்னர் சிகிச்சையை நாடினரேனும், ஈராண்டு முடிவில், விரைந்து சிகிச்சை பெற்றோருக்குச் சளைக்கவில்லை. ஆனால் அவர்கள் நிபுணர் மேற்பார்வையில் தொடைத்தசையை வலுவேற்றியபடி காத்திருந்தவர்கள்; பொங்கல் போட்டி முடியட்டுமென்று முட்டியில் துணிச்சுற்றுப் போட்டுக் களமிறங்கியவர்கள் அல்லர். கிழிந்த குருத்தெலும்புத் துண்டு மூட்டுக்குள் புரண்டு, காலை நீட்டவொட்டாமல் பூட்டிவிட்டாலோ, அந்தப் பொறுமைக்கும் இடமில்லை: சில வாரங்களுக்குள் சென்றால் அதை இருந்த இடத்தில் அமர்த்தித் தைக்க வழியுண்டு, மாதக்கணக்கில் தாமதித்தால் துண்டு நைந்து உருக்குலைந்து, பெரும்பாலும் நறுக்கி எடுப்பதற்கே ஆகும்.