ஓரிக்கைக்காரர் சொல்லலாமா இதை?

காலை நடையில் கூட வரும் நண்பர் நேற்று பொரிந்து தள்ளிவிட்டார். அவர் பேத்தி ஏதோ ஒரு குழுவின் ஆல்பத்தை ஓயாமல் கேட்கிறாளாம். "பாட்டா சார் அது? ஒரே கூச்சல். அதுலயும் கோட்டா, சாதி, மாட்டுக்கறி! பாட்டுல எதுக்கு சார் அரசியல்?"

வீட்டுக்கு வந்து பேரனைக் கேட்டேன். "காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தாத்தா. நம்ம ஊர் பங்க் மாதிரி" என்றான். பங்க் என்றால்? 1977-ல் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று சில பையன்கள் மகாராணியைச் சீண்டிப் பாடினார்களாம். பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தும் அந்தப் பாட்டு விற்பனையில் இரண்டாம் இடத்துக்கு வந்ததாம்.

நம்மவர்கள் கதை வேறு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர், 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதலில் மேடை ஏறினார்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்தது. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. அதில் பாடும் இசைவாணியை 2020-ல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

மூன்று நாள் கேட்டேன். ராப் வேகத்துக்கு என் காது ஓடவில்லை. மாட்டுக்கறிப் பாட்டு எனக்கும் சங்கடம்தான். ஆனால் அது என் நாக்கின் சங்கடம், பாட்டின் குற்றமில்லை.

கூச்சல் என்கிறாரே நண்பர், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையை மறந்துவிட்டாரா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல், டோலக் என்று 'ஃபுல் பெஞ்ச்' வைத்துப் பாடிய மகான். அந்தத் தாளக் கூட்டத்தை லயம் என்று கொண்டாடுகிறோம். பறை அடித்தால் மட்டும் கூச்சலாகிவிடுமா?

அரசியல் வேண்டாம் என்கிறார். சார், நாம் இருக்கும் ஊரின் பெயர் எப்படி வந்தது? பல்லவ ராஜா தன்னைப் பாடச் சொன்னான். கணிகண்ணன் மறுத்தான். நாட்டை விட்டுப் போ என்றான் ராஜா. சீடன் போக, குரு திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். அவர் கூப்பிட, பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை. அந்த ஆழ்வாரை வளர்த்த திருவாளன் பிரம்பு அறுத்துப் பிழைத்தவர். அது அரசியல் இல்லாமல் வேறென்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் என் அப்பா காரியத்துக்குப் பறை அடிக்க நாலு பேர் வந்தார்கள். மதியம் வரை வெயிலில், எதிர் ஓரத்தில் நின்று அடித்தார்கள். அவர்களுக்கென்று எடுத்து வைத்த தனிக் குவளைகளில் டீ ஊற்றிக் கொடுத்தது நான்தான். முப்பத்தைந்து வயது, சொசைட்டியில் கணக்கர் உத்தியோகம், படித்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவை வழியனுப்ப அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அடித்தவர்கள் திண்ணை ஏற வேண்டாமாயிருந்தது. அந்த நால்வரின் பேரப்பிள்ளைகள் இன்று மைக்கைப் பிடித்து அதையே பாட்டாகக் கேட்டால், 'இதமாகப் பாடு தம்பி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக் காலை நடையில் 'கோட்டா' பாட்டை போனில் போட்டு நண்பருக்குக் கேட்கக் கொடுக்கப் போகிறேன். காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.